எக்செலுக்குத் தமிழ்க் கணக்கு சொல்லிக்கொடுத்தேன்

எக்செலில் ‘பாட்டெக்ஸ்ட்’ என்றொரு ஃபார்முலா இருக்கிறது. அதற்குள் 1250 என்று கொடுத்தால், அந்தத் தொகையைத் தாய்லாந்து மொழியில் எழுத்தால் எழுதி, கடைசியில் ‘பாட்’ என்று தாய்லாந்து நாணயத்தின் பெயரையும் சேர்த்துத் தரும். பாங்காக்கில் காசோலை எழுதுகிறவர்களுக்குக் கவலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உட்கார்ந்து சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கூடத்துக்கும், பால்கோவா கடைக்கும், ஒரு அன்னதான அறக்கட்டளைக்கும் கணக்கு எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு? தமிழில் எழுத்தால் எழுத எக்செலில் ஃபார்முலா கிடையாது. ஆங்கிலத்தில் எழுதவும் கிடையாது.

இல்லாத ஃபார்முலாவை நாமே செய்து எக்செலில் மாட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ‘ஆட்-இன்’. வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் போன்ற அலுவலக மென்பொருள்களுக்கு வெளியிலிருந்து சேர்க்கும் கூடுதல் வசதி அது. இதைப் பெரிய கம்பெனிக்காரர்களும் இன்ஜினீயர்களும்தான் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் படித்தது அஞ்சல் வழியில் பி.காம். கையில் இருந்த மற்றொன்று, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து வாங்கிய ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ சான்றிதழ். தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு வைத்துத் தருவது. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்கள் பெற வேண்டியது. அந்தப் படிப்போடு, எழுதிப் பழகிய கணக்கும் சேர்ந்தால் ஆட்-இன் செய்ய அடித்தளம் தயார் என்பது என் கட்சி.

தேவை எங்கிருந்து வந்தது

எங்கள் பக்கத்துச் சிறு தொழில்களில் ஜிஎஸ்டி கணக்கு டேலியில் ஏறும். மற்ற எல்லாம் எக்செல்தான். நெசவுக் கூலிச் சீட்டு, பால் வாங்கிய பட்டியல், நன்கொடை ரசீது, காசோலைப் பதிவேடு என எல்லாவற்றிலும் ‘எண்ணால்’ என்று ஒரு கட்டமும் ‘எழுத்தால்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். ஆடிப்பூரம் நெருங்கினால் அன்னதான ரசீது மளமளவென்று போகும். எண்ணால் என்பதை ஒரு நொடியில் அடித்துவிடலாம். எழுத்தால் என்பதில்தான் கை நிற்கும்.

“ஏம்மா, இத்தனை கூட்டல் கழித்தல் பண்ணுது, இதைத் தமிழ்ல எழுதாதா?” என்று துணிக்கூட முதலாளி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் என் படிப்பு.

மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் ‘ஸ்பெல்நம்பர்’ என்ற நிரலைக் கொடுத்திருக்கிறது. எண்ணை ஆங்கிலத்தில் எழுதும். ஆனால் டாலர், சென்ட், மில்லியன், பில்லியன் என்று போகும். லட்சம், கோடி அதற்குத் தெரியாது. இந்தியாவில் பல கணக்கர்கள் அதைத் தங்களுக்கேற்ப வெட்டி ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் படித்துப் பார்த்தேன். பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிப்பதுபோல நல்ல பாடம் வேறில்லை.

ஆட்-இன் பிறக்கும் இடம்

எக்செலைத் திறந்து ஆல்ட் விசையையும் எஃப்11 விசையையும் சேர்த்து அழுத்துங்கள். இன்னொரு ஜன்னல் திறக்கும். அதுதான் விபிஏ என்னும் நிரல் மொழியின் எடிட்டர். அந்த மொழி 1993-ல் எக்செல் 5 பதிப்போடு வந்தது. முப்பது ஆண்டு தாண்டியும் உலகெங்கும் கணக்கு அலுவலகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே ‘இன்சர்ட்’ பட்டியலில் ‘மாட்யூல்’ என்பதைச் சொடுக்கினால் வெள்ளைத் தாள் போல ஒரு இடம் வரும். ‘ஃபங்ஷன்’ என்று தொடங்கி ‘எண்ட் ஃபங்ஷன்’ என்று முடித்தால், நடுவில் எழுதியதெல்லாம் உங்கள் சொந்த ஃபார்முலா. என் ஃபார்முலாவுக்கு ஆங்கில எழுத்துகளில் ‘எழுத்தால்’ என்றே பெயர் வைத்தேன்.

அந்தக் கோப்பை மேக்ரோவை, அதாவது விபிஏ நிரலை, ஏற்கும் எக்செல் கோப்பாகச் சேமித்தால் ஃபார்முலா அந்தக் கோப்புக்குள் மட்டும் வேலை செய்யும். ‘எக்செல் ஆட்-இன்’ என்ற வகையில், அதாவது எக்ஸ்எல்ஏஎம் என்ற பின்னொட்டோடு சேமித்து, ‘எக்செல் ஆட்-இன்ஸ்’ பெட்டியில் அதன் பெயருக்கு நேராக டிக் போட்டுவிட்டால், அந்தக் கணினியில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் உங்கள் ஃபார்முலா தயாராக நிற்கும்.

நிரலே எழுத வராது என்பவர்களுக்கு ‘மேக்ரோ ரெக்கார்டர்’ இருக்கிறது. அதை ஓடவிட்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: தலைப்பைத் தடிமனாக்குவது, தேதிப்படி வரிசைப்படுத்துவது, கூட்டுத்தொகை போடுவது. எக்செல் அவ்வளவையும் விபிஏ நிரலாக எழுதி வைக்கும். நீங்கள் செய்த வேலைக்கு அது என்ன சொல் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி இலக்கணம் பிடிபட்டுவிடும்.

தமிழ் புகாத எடிட்டர்

அடுத்து வந்தது எதிர்பாராத தடை. விபிஏ எடிட்டருக்குள் தமிழ் அடித்தால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். எக்செலின் கட்டங்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறை புரிந்தவை. அந்த எடிட்டரோ அதற்கு முந்தைய காலத்து எழுத்துமுறையிலேயே நின்றுவிட்டது. தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணால் சொல்வது. ‘அ’வுக்கு 2949, மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கு 3021. வேலை நடக்கும், ஆனால் எழுதியவருக்கே மறுநாள் புரியாது. இரண்டாவது வழி அழகானது. ஆட்-இன் கோப்புக்குள்ளும் ஷீட்டுகள் உண்டு; அவை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அந்த ஷீட்டில் தமிழ்ச் சொற்களைப் பட்டியலாக அடித்து வைத்துவிட்டு, நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். சொல் ஷீட்டில், கணக்கு நிரலில். பிற்பாடு ‘லட்சம்’ என்பதை ‘இலட்சம்’ என்று மாற்றச் சொன்னாலும் நிரலைத் தொட வேண்டியதில்லை.

எண்ணைத் தமிழில் எழுதும் கணக்கு

1,45,950 என்ற தொகையை எடுத்துக்கொள்வோம். முதலில் லட்சத்தால் வகுத்தால் ஈவு 1, மீதி 45,950. மீதியை ஆயிரத்தால் வகுத்தால் 45, மீதி 950. அதை நூறால் வகுத்தால் 9, மீதி 50. இது மூன்று வரி நிரல். ஆங்கிலமாக இருந்தால் இத்தோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். தமிழில் இங்கேதான் வேலை தொடங்குகிறது.

பின்னால் எண் எதுவும் வராவிட்டால் ‘நூறு’. வந்தால் ‘நூற்று’. அப்படியே ஆயிரம், ஆயிரத்து, லட்சம், லட்சத்து, கோடி, கோடியே. ஆகவே நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களுக்கு மூன்று வடிவம். தனியே நின்றால் ‘பதினொன்று’, லட்சத்துக்கு முன்னால் ‘பதினொரு’, ஆயிரத்தோடு சேர்ந்தால் ‘பதினோராயிரம்’. மூன்று என்பது ‘மூவாயிரம்’ ஆகும். ஐந்து ‘ஐயாயிரம்’ ஆகும். இதற்கெல்லாம் நிரலில் விதி எழுதப் போனால் விதிவிலக்கு எழுதியே கை ஓய்ந்துவிடும். தொண்ணூற்றொன்பது வரிக்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கம்ப்யூட்டருக்குப் பட்டியல் பார்ப்பது சிரமமே இல்லை.

சந்தி மட்டும் மீதி. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து’ என்று ஒற்று மிக வேண்டும். ‘நூற்றுப் பதினெட்டு’ என்று வர வேண்டும். ‘நூற்று இருபது’ என்றால் மிகாது. எண்ணுப் பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கோடியை விட்டால், வல்லினத்தில் தொடங்குபவை ‘ப’, ‘த’ என்ற இரண்டு எழுத்துகளில் மட்டும்தான்: பத்து, பதினொன்று, பன்னிரண்டு வகையும், தொண்ணூறு, தொள்ளாயிரமும். கோடிக்கு முன்னால் ‘நூற்று’, ‘ஆயிரத்து’ நேராக வருவதில்லை என்பதால் அது கணக்கில் சேராது. ஆக, அடுத்த சொல்லின் முதல் எழுத்து இந்த இரண்டில் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

இதில் யூனிகோடு நமக்கு உதவுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று எக்செலின் ‘லென்’ ஃபார்முலாவைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. தமிழாசிரியர் கேட்டால் கோபப்படுவார். ஆனால் சந்திக்கு இதுவே வசதி. ‘தொள்ளாயிரம்’ என்பதில் முதல் எழுத்தை எடுக்கச் சொன்னால் ஒகரக் குறியை விட்டுவிட்டு வெறும் ‘த’வைக் கொடுக்கும். அதோடு புள்ளியைச் சேர்த்தால் ‘த்’. முந்தைய சொல்லின் கடைசியில் ஒட்டிவிட்டால் சந்தி தயார்: ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய் மட்டும்.

கவனிக்க வேண்டிய இரண்டு கண்ணிகள்

விபிஏவில் எண்ணை வைக்கும் பாத்திரத்துக்கு வகை சொல்ல வேண்டும். ‘இன்டிஜர்’ என்று சொன்னால் 32,767 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் ‘ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும். ‘லாங்’ என்று சொன்னால் 214 கோடிக்குச் சற்று மேல் வரை தாங்கும். எங்கள் ஊர்த் தொழிலுக்கு அது தாராளம்.

மற்றொன்று கூலிக் கணக்கில் வருவது. ஒரு நெசவாளிக்கு ரூ.612.50 வருகிறது, முழு ரூபாயாக்க வேண்டும். எக்செல் ஷீட்டில் உள்ள ‘ரவுண்ட்’ 613 என்று சொல்லும். விபிஏவில் உள்ள ‘ரவுண்ட்’ 612 என்று சொல்லும். அரை ரூபாய் சரியாக நடுவில் நின்றால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது விபிஏயின் வழக்கம்; ‘வங்கியர் முறை’ என்று இதைச் சொல்கிறார்கள். பெரிய புள்ளிவிவரங்களில் அது நியாயமான முறைதான். சனிக்கிழமை கூலி வாங்க வரிசையில் நிற்பவரிடம் அந்த நியாயத்தை விளக்க முடியாது. ஷீட்டின் ‘ரவுண்ட்’டையே நிரலுக்குள் அழைத்துக்கொள்வதுதான் வழி.

ஜிஎஸ்டி எண்ணைச் சோதிக்கும் ஃபார்முலா

முதல் ஆட்-இன் ஓடத் தொடங்கியதும் கை சும்மா இருக்காது. அடுத்து நான் செய்தது ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்ப்பது. அந்த எண் 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி இடத்தில் உள்ள எழுத்தோ எண்ணோ சும்மா போட்டதில்லை. முந்தைய 14 இடங்களிலிருந்து கணக்கிட்டு வருவது.

கணக்கு இதுதான். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு அதே மதிப்பு. ஏ முதல் இசட் வரை 10 முதல் 35 வரை மதிப்பு. ஒவ்வொரு இடத்தின் மதிப்பையும் மாறி மாறி 1, 2 ஆல் பெருக்க வேண்டும். பெருக்கியதை 36 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி மறுபடி 36 ஆல் வகுத்து, வரும் மீதியை 36-லிருந்து கழித்தால் சோதனை இலக்கம் கிடைக்கும். மீதி எதுவும் இல்லாவிட்டால் சோதனை இலக்கம் 0. கையால் செய்தால் நெற்றியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலை. ஃபார்முலாவாக எழுதிவிட்டால், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்தாலும் கட்டம் சிவப்பாகும். பில்லில் எண் தவறினால் துணி வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை அவர் கணக்கில் வந்து சேராது. மாதக் கடைசியில் நமக்குத்தான் போன் வரும்.

ஊரெல்லாம் கொடுக்கும் முன்

உங்கள் ஆட்-இன் இருக்கும் கணினியில் எல்லாம் நன்றாகத் தெரியும். அதே கோப்பை ஆட்-இன் இல்லாத ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பினால், அங்கே மறுகணக்கீடு நடந்ததும் தமிழ் வரிக்குப் பதில் ‘நேம்’ என்ற பிழைச் செய்தி நிற்கும். அனுப்பும் முன் அந்தக் கட்டங்களை நகலெடுத்து, ‘பேஸ்ட் வேல்யூஸ்’ கொடுத்து, வெறும் எழுத்தாக மாற்றிவிட வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியம். 1999 மார்ச்சில் ‘மெலிஸா’ என்ற வைரஸ் வேர்டு கோப்புக்குள் மேக்ரோவாக ஒளிந்து வந்து, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பி உலகை ஆட்டிவைத்தது. நாம் ஃபார்முலா செய்யும் அதே கருவிதான் அதற்கும் பயன்பட்டது. இதுபோன்ற ஆபத்துகளால் 2022 முதல், இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. நீங்கள் செய்த ஆட்-இன்னை நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலும் இதே கதிதான். கோப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’ பெட்டியில் ‘அன்பிளாக்’ கொடுத்தால் திறக்கும். யார் அனுப்பியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கோப்புக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மேக்ரோ ஒரு தாளை மாற்றிவிட்டால் ‘அன்டூ’ செய்து மீட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

போனில் வருமா?

பால்கோவா கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. விபிஏ ஆட்-இன் போனில் ஓடாது. பிரவுசரில் திறக்கும் எக்செலிலும் ஓடாது. பிரவுசரில் ஓட ‘ஆபீஸ் ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற புது வழி இருக்கிறது. இணையப் பக்கம் செய்வது போன்ற நிரல் அது. விண்டோஸ், மேக், பிரவுசர் மூன்றிலும் ஒரே ஆட்-இன் ஓடும். அதில் பழக ‘ஸ்கிரிப்ட் லேப்’ என்ற இலவச ஆட்-இன்னை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது. கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘ஆப்ஸ் ஸ்கிரிப்ட்’. இந்த இரண்டின் எடிட்டரிலும் தமிழை நேராக அடிக்கலாம். கேள்விக்குறித் தொல்லை இல்லை. பணம் கொடுத்து எக்செல் வாங்காதவர்கள் லிப்ரே ஆபீஸில் பேசிக் அல்லது பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யலாம்.

பக்கத்து ஊரான ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் தென்காசி. அதன் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் 2011-லிருந்து இயங்குகிறது. எக்செலுக்கு இணையான ‘ஜோஹோ ஷீட்’ அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. பிரவுசரில் ஓடும் ஷீட்டில் விபிஏ மேக்ரோக்களை 2008-லேயே ஓட வைத்தவர்கள் அவர்கள். அதில் ‘டெலூஜ்’ என்ற அவர்களுடைய சொந்த மொழியில் ஃபார்முலா எழுதிச் சேர்க்கலாம். அலுவலக மென்பொருள் எங்கோ அமெரிக்காவில் மட்டும் பிறப்பது என்ற எண்ணத்தை நம் பக்கத்துப் பிள்ளைகள் விட்டுவிட இந்த ஓர் உதாரணம் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டியதில்லை. எனக்கு வந்த பழைய நன்கொடையாளர் பட்டியல் ஒன்று பழைய எழுத்துருவில் இருந்தது. திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல். பழைய எழுத்துருக்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிந்திருக்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். இதை மாற்ற நிரல் எழுத ஆசை வந்தது. ஆனால் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களை மாற்றித் தரும் ‘என்ஹெச்எம் கன்வெர்ட்டர்’ இலவசமாகவே இருக்கிறது. ஏற்கெனவே நன்றாக இருப்பதை எடுத்துக்கொண்டு, இல்லாததற்கு மட்டும் நேரம் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே தொடங்கலாம்

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் நிரல் எழுதித் தருகிறது. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பதினோராயிரம் சரியா, 612.50 எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 0, 1, 10, 11, 99, 100, 101, 900, 1000, 99,999, ஒரு கோடி என்று ஓரங்களில் நிற்கும் எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள். பிழை இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் கருவிகளைச் செய்யத் தகுதியானவர் நிரல் மட்டும் தெரிந்தவரல்ல. வேலையில் எங்கே கை நிற்கிறது என்று தெரிந்தவர். சத்திரப்பட்டிக் கூலிச் சீட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரசீதுக்கும் எந்தப் பெரிய கம்பெனியும் ஆட்-இன் செய்துதரப் போவதில்லை. அவர்களுக்கு அதில் லாபம் இல்லை. கணக்கு எழுதுகிறவர்களும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படிக்கிற பிள்ளைகளும், கடையின் பில் மேசையில் உட்காருகிறவர்களும்தான் செய்ய வேண்டும். இந்த வாரம் உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப அடிக்கிற ஒரே ஒரு வரியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு ஃபார்முலா எழுதுங்கள். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரி போதும், தொடங்கிவிடுங்கள்.